காரங்காட்டில் கயாக் ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் மக்களே, காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொண்டிக்குத் தெற்கே காரங்காடு அலையாத்திக் காட்டுக்குப் போய் வழிகாட்டியோடு கயாக் (சின்னத் துடுப்புப் படகு) ஓட்ட ஆசை. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிற இடம்தான்.

நான், 13 வயது மகள், என் தாய்மாமா. மூவருமே துடுப்பைத் தொட்டதில்லை. பாட்டையா கப்பலேறி பர்மா போனவர். பேரன் ஊருணியைத் தாண்டவில்லை! மாமாவுக்கு நீச்சலே தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டு, இரண்டு பேர் உட்காரும் கயாக்கில் வழிகாட்டியோடு ஏற்றிக்கொள்வார்களா? இதுதான் எனக்குப் பெரிய கவலை.

வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அண்ணன், "தை பிறந்தாலும் அந்தப் பக்கம் வாடைக்காத்து லேசுல விடாது தம்பி, வெயில் ஏறுறதுக்குள்ள இறங்கிருங்க" என்கிறார். காலையில் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள்? முன்பதிவு வேண்டுமா? புதியவர்களைக் கால்வாய்க்குள்ளேயே சுற்றவிடுவார்களா, முகத்துவாரம் வரை கூட்டிப்போவார்களா? பாக் விரிகுடா ஆழமில்லாத கடல்தான், ஆனாலும் மாமா முகத்தைப் பார்த்தால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

மதியம் அங்கேயே நண்டும் மீனும் சமைத்துத் தருவார்களாமே, அதற்கும் முன்கூட்டிச் சொல்ல வேண்டுமா? சமீபத்தில் போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்.