சுண்டெலி இதயத்தில் சி-கிட் செல்கள்: ஸ்டெம் செல்கள் என்று எழுதலாமா?

கேள்வி – ஆய்வு மாணவி

வளர்ந்த சுண்டெலியின் இதயத்தைக் கொலாஜினேஸ் நொதியால் கரைத்து, பிரித்தெடுத்த செல்களுக்குச் சி-கிட் புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடி சேர்த்து, செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்த்தபோது, சிறியதொரு கூட்டம் தனியே தெரிகிறது. அதே ஆன்டிபாடி இட்ட திசு வெட்டுகளிலும் ஆங்காங்கே பச்சை ஒளிர்வு காணப்படுகிறது. இவற்றை இதய ஸ்டெம் செல்கள் (புதிய இதயத் தசை செல்களை உருவாக்கும் மூலச் செல்கள்) என்று ஆய்வேட்டில் குறிப்பிடலாமா?

பதில் 1 – திசுவியல்

இப்போதைக்கு வேண்டாம். சி-கிட் என்பது செல்லின் மேற்பரப்பில் உள்ள ஓர் ஏற்பி. ஒவ்வாமையில் பங்குபெறும் மாஸ்ட் செல்களிலும், இரத்தக் குழாய்களின் உட்சுவரான எண்டோதீலியல் செல்கள் சிலவற்றிலும் அது உண்டு. ஆகவே இறந்த செல்களைச் சாயத்தால் அடையாளங்கண்டு நீக்கியபின், சிடி45 என்ற அடையாளப் புரதத்தைக் கொண்டு இரத்த வழி செல்களையும், சிடி31 என்ற அடையாளப் புரதத்தைக் கொண்டு எண்டோதீலியல் செல்களையும் பிரித்துப் பாருங்கள். உங்கள் கூட்டத்தில் பெரும்பகுதி அங்கேயே கழிந்துவிடக்கூடும். வெட்டுகளில் டொலுயிடின் நீலம் இட்டால், மாஸ்ட் செல்களின் துகள்கள் ஊதாவாகத் தெரியும்.

பச்சை ஒளிர்வை இன்னும் கவனமாக அணுக வேண்டும். வயதான இதயத் தசையில் சேரும் லிப்போஃபுசின் என்ற கழிவு நிறமி, ஆன்டிபாடி எதுவும் இல்லாமலேயே ஒளிரும். சாயமிடாத வெட்டு ஒன்றை அதே ஒளியளவில் படமெடுங்கள். அதே புள்ளி சிவப்பு அலைவரிசையிலும் ஒளிர்ந்தால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பதில் 2 – மரபணு ஆய்வாளர்

இவை அனைத்தையும் கடந்து எஞ்சும் செல்களும், தசை செல்லாக மாறுகின்றன என்று காட்டப்படும்வரை ஸ்டெம் செல்கள் ஆகா. 2014-இல் சின்சினாட்டியைச் சேர்ந்த மோல்கென்டின் குழுவினர், சி-கிட் மரபணு இயங்கும் செல்களும் அவற்றின் வழித்தோன்றல்களும் நிரந்தர அடையாளம் பெறும்படி சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தனர். அடையாளம் பெற்ற இதயத் தசை செல்கள் ஏறக்குறைய 0.03 சதவீதமோ அதற்கும் குறைவோதான்; செல்கள் ஒன்றோடொன்று இணைந்ததால் வந்தவற்றைக் கழித்தால் அது 0.008 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. எண்டோதீலியல் செல்களோ ஏராளமாக உருவாகியிருந்தன.

நீங்கள் எந்தக் கட்டுரைகளைப் பின்பற்றினீர்கள் என்பதையும் சரிபாருங்கள். 2018-இல் ஹார்வர்டும் பிரிகாம் மருத்துவமனையும், சி-கிட் செல்களே இதய ஸ்டெம் செல்கள் என்று வாதிட்ட பியரோ அன்வெர்சாவின் ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறப் பரிந்துரைத்தன. அவற்றை நம்பி எத்தனையோ மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஆய்வு மாணவி

மிக்க நன்றி. நீங்கள் சொன்னதுபோல் வழித்தோன்றல்களை அடையாளமிட்டுப் பின்தொடரும் வம்சாவளித் தடமறிதலுக்கான சுண்டெலிகள் எங்களிடம் இல்லை. முடிவை எப்படி எழுதுவது?

பதில் 1 – திசுவியல்

கண்டதை மட்டும் எழுதுங்கள்: “சி-கிட் உள்ள, சிடி45-உம் சிடி31-உம் இல்லாத செல்கள்”. எந்த ஆன்டிபாடி, அதன் எந்தக் குளோன் (ஆன்டிபாடியின் மூல வகை), சி-கிட் உள்ள செல்லையும் இல்லாததையும் பிரிக்கும் எல்லைக்கோட்டை எந்தக் கட்டுப்பாட்டு மாதிரியை வைத்து வரைந்தீர்கள் என்பனவும் உடன் இருக்கட்டும்.