பயிற்சி கொடுத்தும் மருந்துத் தட்டுப்பாடு தீரவில்லை, கோளாறு எங்கே?

கிடங்குச்சாவி:
வணக்கம். ஒரு மாவட்ட மருந்துக் கிடங்கு. அதிலிருந்து மாதம் ஒருமுறை மருந்து எடுக்கும் சுகாதார நிலையங்கள் 40. கிடங்குக்குப் பொறுப்பாளர் ஒருவர், ஏற்றி இறக்க ஓர் ஆள், அவ்வளவுதான். எல்லோருக்கும் இருப்பு மேலாண்மையில் 5 நாள் வகுப்பு முடிந்து ஆறு மாதம் ஆகிறது. தேர்வில் மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. ஆனாலும் ஒரு பக்கம் தட்டுப்பாடு, இன்னொரு பக்கம் காலாவதி. அடுத்த ஆண்டும் பயிற்சிக்கே பணம் கேட்பதா, வேறு எதிலாவது போடுவதா?

பின்கார்டு:
பணம் கேட்கும் முன் வேலை நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலைப்பளுவை வைத்து எத்தனை ஆள் தேவை என்று கணக்கிடும் உலக சுகாதார நிறுவனத்தின் விஸ்ன் (WISN) முறை இதற்கென்றே வந்தது. ஒருவர் ஆண்டில் உண்மையில் வேலை செய்யும் நேரம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். வாரம் 5 நாள் வீதம் வரும் 260 நாளில் விடுப்பு, விடுமுறை, பயிற்சி என்று 45 போனால் மிச்சம் 215 நாள். நாளுக்கு 7 மணி என்றால் 1,505 மணி.

இனி வேலை. ஒரு நிலையத்தின் கேட்புப் பட்டியலைச் சரிபார்த்து, எடுத்துவைத்து, கட்டி அனுப்ப 3 மணி என்று வையுங்கள்: 40 × 12 × 3 = 1,440. சரக்கு வரவு மாதம் 6 தடவை, தடவைக்கு 4 மணி: 288. மாத இருப்பெண்ணிக்கை 16 மணி: 192. மொத்தம் 1,920. கூட்டம், அறிக்கை, தொலைபேசி என்று நாளுக்கு ஒரு மணி போவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 1.5 ஆள் வேண்டும். இருப்பது ஒருவர். இந்த மணிக்கணக்கு உதாரணத்துக்குத்தான். உங்கள் கிடங்கில் இரண்டு வாரம் கடிகாரம் வைத்து அளந்து எழுதுங்கள்.

ஆள் குறைந்தால் முதலில் விடுபடுவது இருப்பெண்ணிக்கை, ஏனென்றால் அதைக் கேட்டு வாசலில் யாரும் வந்து நிற்பதில்லை. வரவு, வழங்கல், மிச்சம் எழுதும் இருப்பு அட்டைக்கும் அலமாரிக்கும் இடைவெளி விழுவது அங்கேதான். முன்னால் காலாவதியாவது பின் வரிசையில் மறைவதும் அங்கேதான். இன்னொரு 5 நாள் வகுப்பு வைத்தால் அந்த 5 நாளும் கிடங்கு பூட்டிக் கிடக்கும்.

மாதநுகர்வு:
பின்கார்டு சொல்வது சரி, ஆனால் திறன் குறையே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். மூன்று மாதத்தில் ஒரு நிலையம் வழங்கியது 900 மாத்திரை. அந்த 90 நாளில் 30 நாள் இருப்பே இல்லை. மாத நுகர்வு எவ்வளவு?

பலரும் 300 என்பார்கள். தவறு. 900 மாத்திரை 60 நாளில் போயிருக்கிறது, நாளுக்கு 15, மாதத்துக்கு 450. மூன்று மாத இருப்பு வேண்டுமென்றால் 1,350 கேட்க வேண்டிய இடத்தில் 900 கேட்பார்கள். அது இரண்டே மாதத்தில் தீரும், அடுத்த கேட்பும் குறையும். தட்டுப்பாடு தானாகவே தன்னை வளர்த்துக்கொள்வது இப்படித்தான்.

தேர்வில் இதைத் தேறியவரே நிலையத்துக்குப் போய்த் தவறவிடுவார். காரணம், அட்டையில் ‘இருப்பு 0’ ஆன தேதியை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். ஆகவே வகுப்பறையை விட்டுவிட்டு மேற்பார்வையாளரை அலமாரி முன்னால் நிறுத்துங்கள். 10 மருந்தைத் தேர்ந்து எண்ணி, அட்டையோடு ஒப்பிட்டு, எத்தனை பொருந்துகிறது என்று குறியுங்கள். தவறை அங்கேயே, அவர் கையாலேயே திருத்த விடுங்கள். 30ஆம் நாளிலும் 90ஆம் நாளிலும் அதே 10 மருந்தோடு புதிதாக இரண்டையும் எண்ணுங்கள். பயிற்சி பலித்ததா என்பதை அந்த எண் சொல்லும்.

குளிர்பெட்டி:
தடுப்பூசி கையாள்பவர்களைத் தனியாகக் கவனியுங்கள். வெப்பத்தைக் கண்டு பயப்படக் கற்றுக்கொடுத்த அளவு உறைதலைக் கண்டு பயப்படக் கற்றுக்கொடுப்பதில்லை. ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் (ஐந்து நோய்க்கான கூட்டுத் தடுப்பூசி) போன்றவை உறைந்தால் கெட்டன. குப்பியிலுள்ள விவிஎம் பட்டை (வெப்பம் பட்டால் நிறம் மாறும் அடையாளம்) உறைதலைக் காட்டாது, வெப்பத்தை மட்டுமே காட்டும். இது தெரியாமல், ‘பட்டை நன்றாக இருக்கிறது’ என்று ஊசி போட்டுவிடுகிறார்கள்.

உறைவிப்பானிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டியில் வைப்பதுதான் பெரும்பாலும் காரணம். மேசையில் ஒரே அடுக்காகப் பரப்பி, மேலே நீர் வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்த ஒலியை ஒவ்வொருவரும் கேட்டே ஆக வேண்டும், படத்தில் காட்டினால் பதியாது.

குலுக்கிப் பார்க்கும் சோதனையும் அப்படியே. அதே தயாரிப்பாளரின், அதே தொகுதி எண்ணுள்ள ஒரு குப்பியில் ‘உறையவைத்தது’ என்று எழுதி, இரவு முழுக்க உறையவைத்து உருகவிடுங்கள். சந்தேகமான குப்பியையும் அதையும் சேர்த்துக் குலுக்கி, அருகருகே நிறுத்தி 30 நிமிடம்வரை பாருங்கள். உறைந்ததில் வண்டல் வேகமாகப் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் படிந்தால் அந்தத் தொகுதியைப் பயன்படுத்தக் கூடாது.

கிடங்குச்சாவி:
மிக்க நன்றி. 1.5 ஆள் என்று வந்தால் அந்த அரை ஆளை எப்படிக் கேட்பது? பொறுப்பாளர்களும் ஒன்றரை, இரண்டு ஆண்டில் மாறிவிடுகிறார்கள்.

பின்கார்டு:
அரைப் பணியிடம் யாரும் தர மாட்டார்கள். வேலையைப் பிரியுங்கள். சரக்கு வரவின்போது பெட்டி எண்ணுவதையும், எண்ணிக்கை நாளில் அலமாரி எண்ணுவதையும் ஏற்றி இறக்கும் ஆளுக்குப் பழக்கி, பணி விவரத்தில் எழுத்தில் சேருங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் கூடுதல் ஊதியமும் கேட்க முடியாது, பொறுப்பும் நிற்காது. 40 நிலையங்களையும் இரண்டு குழுவாக்கி ஒன்றுவிட்டு ஒரு மாதம் வழங்குவது இன்னொரு வழி. பட்டியல் வேலை ஏறக்குறைய பாதியாகும். ஆனால் நிலையங்களில் ஒரு மாத இருப்பு கூடுதலாக வைக்க இடம் வேண்டும்.

மருந்து விநியோகப் பணியாளர்களுக்காக 2011இல் தொடங்கிய பீப்பிள் தட் டெலிவர் என்ற பன்னாட்டு அமைப்பு ஆட்கள், திறன், பணிச்சூழல், ஊக்கம் என்ற நான்கையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. பொறுப்பாளர் ஓடுவது பெரும்பாலும் கடைசி இரண்டால். பதவிப் பெயர் இல்லை, ஏறிப்போகப் படிநிலை இல்லை, பொருள் குறைந்தால் மட்டும் விளக்கம் கேட்கிறார்கள். பயிற்சிக்குக் கேட்கும் பணத்தில் பாதியை அங்கே திருப்புங்கள். மாறிப் போகும்போது பழையவரும் புதியவரும் சேர்ந்து முழு இருப்பையும் எண்ணிக் கையெழுத்துப் போடட்டும். நிலுவைக் கேட்புகள், வந்துகொண்டிருக்கும் சரக்கு, கணினிக் கடவுச்சொல் மூன்றும் அதே தாளில் இருக்க வேண்டும். ஒரே நாளில் முடியாது, இரண்டு நாள் ஒதுக்கச் சொல்லி ஆணையிலேயே எழுதி வாங்குங்கள்.