மறு: இயக்கி ஆவணத்தில் 'முன்னிருப்புக் கட்டளை' சரியா?

வணக்கம்.

> 'முன்னிருப்பு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இயக்கிகளுக்கு மட்டும் வேறு சொல் எதற்கு?

'முன்னிருப்பு மொழி', 'முன்னிருப்பு எழுத்துரு' (default language, default font) இரண்டும் அப்படியே இருக்கட்டும். பயனர் கை வைக்காதவரை அந்த மதிப்பு அங்கேயே கிடக்கும், 'இருப்பு' பொருந்துகிறது. சாதனத்துக்கு இயக்கி (வன்பொருளை இயக்கும் மென்பொருள், driver) அனுப்பும் கட்டளை அப்படிக் கிடப்பதில்லை. அது ஒரு முயற்சி. பலிக்காவிட்டால் இயக்கியே வேறொன்றுக்கு மாறிக்கொள்ளும்.

லினக்ஸ் ஸ்கஸி (SCSI, கணினி வட்டு போன்ற சாதனங்களோடு பேசும் நெறிமுறை) வட்டுகளை எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். பழைய வாசிப்புக் கட்டளை 6 பைட் நீளம். வட்டில் எந்தத் தொகுதி வேண்டும் என்று சொல்லும் முகவரிக்கு அதில் 21 பிட்தான் இடம். 512 பைட் தொகுதிகளாகக் கணக்கிட்டால் 1 ஜிகாபைட்டோடு எல்லை முடிந்தது. 10 பைட் கட்டளையில் முகவரி 32 பிட் என்பதால் 2 டெராபைட் வரை எட்டும். ஆகவே எடுத்த எடுப்பிலேயே 10 பைட் கட்டளைதான் போகிறது. அதை அறியாத பழைய சாதனம் 'இப்படி ஒரு கட்டளை இல்லை' என்று பதினறும எண் 20-ஐத் திருப்பி அனுப்பும். உடனே '10 பைட் பயன்படுத்து' என்று அந்தச் சாதனத்துக்கு வைத்திருக்கும் கொடி (flag) மட்டும் அணைக்கப்பட்டு, அதே வேலை 6 பைட் கட்டளையாக மறுபடி போகும். அதன்பின் 6 பைட் கட்டளையில் அடங்கும் வாசிப்புக்கு அந்தச் சாதனத்திடம் 10 பைட் கட்டளை போவதில்லை. மேலே ஓடும் நிரலுக்கு இது எதுவும் தெரியாது. கேட்ட தரவு கைக்கு வந்துவிடும்.

இதைத் தமிழில் விளக்கும்போது என் வாயில் தானாக வந்தவை 'எடுத்த எடுப்பில்', 'இறங்கி வருகிறது' என்பவைதாம். அவற்றையே சொல்லாக்கலாம்: முதலில் முயல்வது எடுப்புக் கட்டளை, அது பலிக்காதபோது மாறிக்கொள்வது இறங்குகட்டளை. பல்லவியை எடுப்பு என்று வழங்குகிறோம். தொடங்குமிடம் என்ற பொருள் அதில் ஊறியிருக்கிறது. 'முதற்கட்டளை' எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் சாதனத்தைக் கண்டதும் 'நீ யார்' என்று விசாரிக்கும் கட்டளை வாசிப்புக்கு முன்பே போய்விடுகிறதே, குழம்பும். எடுப்பு என்றால் தரவை எடுப்பது என்று படிக்க மாட்டார்களா என்ற கேள்வி நியாயமானது. அந்த வேலையை எங்கும் 'வாசிப்பு' என்றே எழுதி வருகிறோம், அதனால் துணிந்து வைக்கலாம்.

எல்லாச் சாதனமும் ஒழுங்காகப் 'புரியவில்லை' என்று சொல்வதில்லை என்பதையும் ஆவணத்தில் சேர்க்க வேண்டும். சாதனத்தின் அமைப்புகளைக் கேட்டறியும் மோடு சென்ஸ் (MODE SENSE) கட்டளையில் சரியாக 192 பைட் கேட்டால் மட்டுமே பதில் தரும் யூஎஸ்பி வட்டுகள் பல உண்டு. விண்டோஸ் அந்த அளவுதான் கேட்கும் என்று லினக்ஸ் மூலநிரலிலேயே குறிப்பு இருக்கிறது. லினக்ஸும் யூஎஸ்பி வட்டுகளிடம் அதையே கேட்கிறது. அறியாத கட்டளை வந்தால் பிழைகூடச் சொல்லாமல் உறைந்துபோகும் சாதனங்களும் உண்டு. அங்கே இறங்கி வர வாய்ப்பே கிடைக்காது. முன்கூட்டியே பட்டியலிட்டுத் தவிர்க்க வேண்டியதுதான். இதற்குப் புதுச்சொல் வேண்டாம், 'விதிவிலக்கு' போதும்.

எழுதும் முறை: 'இறங்குகட்டளை' வினைத்தொகை, இடையில் க் மிகாது. 'எடுப்புக் கட்டளை'யில் மிகும்.