சங்க இலக்கிய மின்பதிப்பு: எளிய உரைக்கோப்பு போதுமா?

ஓலைநாடன்:
தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் தரும் மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியதால்தான் சங்க நூல்கள் இன்று யாருக்கும் காசில்லாமல் கிடைக்கின்றன. அந்தத் தன்னார்வலர்களுக்கு நான் கடன்பட்டவன். ஆனால் இணையத்தில் சுற்றும் உரைக்கோப்புகளைப் ‘பதிப்பு’ என்று சொல்வதை ஏற்க முடியாது. உ.வே.சா. புறநானூற்றை 1894-இல் அச்சிட்டார். அவருடைய பதிப்புகளின் அடிக்குறிப்பில் ‘பி-ம்.’ என்று போட்டுப் பிரதிபேதங்களை, அதாவது ஏட்டுக்கு ஏடு மாறும் பாடங்களை, காட்டியிருப்பார். கணினிக்கு ஏற்றும்போது முதலில் கழற்றிவிடப்பட்டது அந்த அடிக்குறிப்புதான். பல கோப்புகளில் எந்த அச்சுப் பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள் என்ற ஒரு வரிகூட இல்லை. ஒவ்வொரு பாடலுக்கும் ஏட்டின் படம், எல்லாப் பாடவேறுபாடும், டி.இ.ஐ. முறையில் (உரையின் பகுதிகளைக் கணினிக்குப் புரியும்படி குறியிடும் பொதுமுறை) குறியிட்ட உரை, இவை மூன்றும் வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை_நிரலாளர்:
எனக்கு இருக்கிறது, ஐயா. நீங்கள் கேட்பதைச் செய்து முடிக்கலாம், வைத்துக் காப்பாற்றத்தான் முடியாது. மானியம் மூன்று வருடம், மிஞ்சினால் ஐந்து வருடம். அது தீர்ந்ததும் நிரல் எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். சர்வர் வாடகையை யார் கட்டுவது? ஃபிளாஷில் செய்த காட்சிப் பக்கங்கள் எல்லாம் 2020 கடைசியோடு செத்துப் போயின. தனி எழுத்துருவில் ஏற்றிய தமிழ்ப் பக்கங்கள் இன்று திறந்தால் புரியாத குறிகளாகத் தெரிகின்றன. மதுரைத் திட்டத்தின் கோப்புகளோ திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்கு மாறி இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. வெறும் உரையாக இருந்ததால்தான் அது நடந்தது.

ஓலைநாடன்:
உரை பிழைத்தது சரி. எந்த உரை பிழைத்தது?

ஏட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். கொள், கோள் இரண்டும் ஏட்டில் ஒன்றுபோலவே இருக்கும். எது சரி என்று பொருளையும் யாப்பையும் வைத்துப் பதிப்பாசிரியர் முடிவு செய்தார். அச்சில் நாம் படிக்கும் ஒவ்வோர் அடியிலும் இப்படிப்பட்ட முடிவுகள் இருக்கின்றன. அப்புறம் சொல் பிரிப்பு. சங்க நூல்களைத் தொகுத்த வையாபுரிப் பிள்ளையின் சமாஜப் பதிப்பு 1940-இல் வந்தது. பதிப்பாளர் மர்ரே ராஜம் 1950களில் சந்தி பிரித்து, நிறுத்தற்குறி இட்டு வெளியிட்டார். இணையத்தில் ஒரே கோப்பில் ஒரு பாடல் சீர் பிரித்தும் அடுத்தது சந்தி பிரித்தும் வருகிறது. அதை வைத்து மாணவர்கள் சொல்லடைவு (எந்தச் சொல் எங்கே வருகிறது என்ற பட்டியல்) தயாரிக்கிறார்கள், சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக் கட்டுரை எழுதுகிறார்கள். பார்க்கும்போது வயிறு எரிகிறது.

ஜெர்மானிய ஆய்வாளர் ஏவா வில்டன் பாண்டிச்சேரியில் இருந்துகொண்டு நற்றிணையை 2008-லும் குறுந்தொகையை 2010-லும் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தார். எந்தச் சுவடியில் எந்தப் பாடம் என்று அவற்றில் பார்க்கலாம். முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கோவை_நிரலாளர்:
அவை அச்சில் வந்தவை, ஐயா. அலமாரியில் இருந்தால் போதும், யாரும் பராமரிக்க வேண்டாம். நான் கவலைப்படுவது மின்பதிப்பின் பராமரிப்பைப் பற்றித்தான். ஒரு கல்லூரியில் நாங்கள் நண்பர்களாகச் சேர்ந்து சுவடிப் படங்களோடு ஒரு தளம் கட்டினோம். துறைத்தலைவர் மாறினார், தளத்தின் பெயரைப் புதுப்பிக்கவில்லை, எல்லாம் போயிற்று. படங்கள் யாரிடமும் இல்லை.

முல்லை_நூலகர்:
இருவரும் தளத்தையும் தரவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். டி.இ.ஐ. என்பது தளம் அல்ல, எழுதும் முறை. 1987-இல் தொடங்கியது. முதலில் எஸ்.ஜி.எம்.எல். என்ற குறியீட்டு மொழியின் அடிப்படையில் இருந்தது, 2002-இல் அதன் எளிய வடிவமான எக்ஸ்.எம்.எல்.லுக்கு மாறியது. அதுவும் சாதாரண உரைக்கோப்புதான், நோட்பேடில் திறக்கும். தம்பி, உங்கள் தளம் போனது குறியீட்டால் அல்ல. ஒரே ஒரு பிரதியை ஒரே சர்வரில் வைத்திருந்ததால் போனது. கோப்பையும் படத்தையும் ஆய்வுக் கோப்புகளைக் காக்கும் ஜெனோடோ போன்ற இணையக் களஞ்சியத்தில் ஒன்று, பல்கலைக்கழக நூலகத்தில் ஒன்று என்று முதல் நாளே போட்டு வைத்திருந்தால் தளம் விழுந்தாலும் பதிப்பு இருந்திருக்கும்.

கோவை_நிரலாளர்:
அதை ஒப்புக்கொள்கிறேன், அக்கா. ஆனால் குறியிடப் போவது யார்? மாலையில் வேலை முடிந்து வந்து தட்டச்சு செய்கிற ஆசிரியரிடம் எக்ஸ்.எம்.எல். கற்றுக்கொள்ளுங்கள் என்றால் அவர் விலகிவிடுவார். குறி தவறினால் எக்ஸ்.எம்.எல். படிக்கும் நிரல்கள் கோப்பை ஏற்காது. நான் சொல்வது இதுதான்: கோப்பின் தலைப்பில் எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, யார் மெய்ப்புப் பார்த்தார். பாடலின் கீழே அச்சில் உள்ள ‘பி-ம்.’ வரிகள் அப்படியே. இவ்வளவுதான். அதிலிருந்து டி.இ.ஐ. கோப்பை நிரல் எழுதி உருவாக்கலாம், அது என் வேலை.

ஓலைநாடன்:
பதிப்பு விவரம் சேர்ப்பது நல்லது, உடனே செய்ய வேண்டியது. ஆனால் அதோடு நின்றால் நான் கேட்டது கிடைக்காது. உ.வே.சா.வின் ‘பி-ம்.’ வரிகள் பெரும்பாலும் மாற்றுப் பாடத்தைத்தான் கொடுக்கும், அது எந்த ஏட்டில் இருந்தது என்று சொல்லாது. ஏட்டுக்குத் திரும்பிப் போனால்தான் தெரியும். அதற்குப் படம் வேண்டும்.

முல்லை_நூலகர்:
பணத்தைவிட அங்கேதான் பெரிய முட்டுக்கட்டை. உ.வே.சா. 1942-இல் மறைந்தார், காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அவர் பதிப்புகளை யாரும் மின்மயமாக்கலாம். ஏட்டின் படத்துக்கு அது வைத்திருக்கும் நூலகத்தின் அனுமதி வேண்டும். பல இடங்களில் பார்க்க விடுவார்கள், இணையத்தில் ஏற்ற விட மாட்டார்கள். படம் கிடைக்கும்வரை சுவடி எண்ணையும் ஏட்டின் பக்க எண்ணையும் கோப்பில் எழுதி வையுங்கள். பிறகு படம் வந்தால் இணைத்துக்கொள்ளலாம்.

கோவை_நிரலாளர்:
அந்த எண்களுக்கு ஒரு வரி ஒதுக்கிவிடுகிறேன். ஐயா, குறுந்தொகையில் முதல் பத்துப் பாடலுக்கு உங்களிடம் உள்ள ஒப்பீட்டுக் குறிப்பை அனுப்புங்கள். தட்டச்சு செய்பவர்கள் சிக்காமல் முடிக்கிறார்களா என்று பார்ப்போம். சிக்கினால் சுவடி வரிகளை எடுத்துவிடுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஓலைநாடன்:
அனுப்புகிறேன். எடுக்க விட மாட்டேன்.