மறுமொழி: ‘வைரல்’ ஆனவருக்கு ஒரு சொல் – ‘அலர்ப்பட்டவர்’

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

‘வைரல்’ என்பதற்குத் தமிழ் கேட்டுத் தொடங்கிய இழை, ‘இணையப் பிரபலம்’ போதுமா, ‘வலைப்புகழர்’ என்று புதிதாக ஆக்கலாமா என்ற இடத்தில் வந்து நிற்கிறது. இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு வேறு வகை மனிதர்களை அவை ஒரே கயிற்றில் கட்டிவிடுகின்றன. விளக்கும் கேமராவும் வாங்கி வைத்து, நாள் தவறாமல் காணொளி ஏற்றி, விளம்பரக்காரரிடம் பேரம் பேசிப் பின்தொடர்வோரைச் சேர்ப்பவர் ஒருவர். பெருந்துறைச் சந்தையிலோ பல்லடம் பேருந்திலோ தன் சோலியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றவர் செல்போனைத் தூக்கியதால், விடிவதற்குள் மாநிலம் முழுக்க முகம் தெரிந்துபோனவர் இன்னொருவர். இருவரையும் ‘பிரபலம்’ என்று எழுதிவிட்டால், முன்னவரிடம் கேட்கக்கூடியதையெல்லாம் பின்னவரிடமும் கேட்கலாம் என்றாகிவிடுகிறது. பிரபலம்தானே, வாசலில் மைக்கை நீட்டினால் என்ன, பிள்ளை படிக்கும் பள்ளியின் பெயரைப் போட்டால் என்ன என்ற துணிச்சல் அந்த ஒரு சொல்லிலிருந்துதான் பிறக்கிறது.

> வைரல் என்றே விட்டுவிடலாமே. ஆட்டோக்காரர் முதல் அமைச்சர் வரை அதைத்தான் சொல்கிறார்கள்.

பேச்சில் இருக்கட்டும், யாரும் பிடுங்கப்போவதில்லை. ஆனால் வைரல் ஆவது காணொளி. அதற்குள் அகப்பட்ட ஆளைக் குறிக்க அந்தச் சொல் உதவாது. ‘வைரல் பெண்’, ‘வைரல் தாத்தா’ என்று தலைப்புப் போடுகிறார்கள். பண்டத்தின் மேல் ஒட்டிய சீட்டைப் போல அது மனிதர் மேல் ஒட்டிக்கொள்கிறது. ‘தீநுண்மிப் பரவல்’ என்று ஒரு நண்பர் பெயர்த்திருந்தார். அகப்பட்டவரை நோய்க்கிருமியின் இடத்தில் வைக்கும் சொல்லை நாமே ஆக்கித் தர வேண்டாம்.

‘புகழ்’ என்ற பகுதியையும் தவிர்க்கச் சொல்கிறேன். நம் மொழியில் புகழ் என்றாலே பாராட்டுதான். ‘புகழ்ந்தான்’ என்றால் ‘பேசினான்’ என்று பொருள் வராது. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில், நூறு வயதுக்குப் பிறகும் இயற்கை வேளாண்மையை விடாத பாப்பம்மாளுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அது புகழ். வாழ்நாள் உழைப்பால் ஈட்டியது. சில்லறைக்காகப் பேருந்தில் சண்டை போட்டது பரவிவிட்டதே என்று கூனிக் குறுகி நிற்பவருக்கும் அதே சொல்லைக் கொடுத்தால் இருவருக்குமே தவறு செய்கிறோம்.

நமக்குத் தேவையான சொல் நம்மிடமே இருக்கிறது: அலர். சங்கக் காதல் பாடல்களான அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு அம்பலும் அலரும் புதிதல்ல. தலைவனும் தலைவியும் சந்தித்ததை ஒருசிலர் தமக்குள் முணுமுணுப்பது அம்பல்; ஊரறியப் பேசுவது அலர். அம்பலை மொட்டாகவும் அலரை அது விரிந்த மலராகவும் உரைகாரர்கள் விளக்குவார்கள். இவை இரண்டும் களவை, அதாவது மறைவாக நடக்கும் காதலை, வெளிப்படுத்தும் என்கிறது தொல்காப்பியம். குறளில் அலருக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. அவனைக் கண்டது ஒரு நாள்தான், அலரோ கிரகணத்தில் நிலவைப் பாம்பு கொண்டதுபோல் எங்கும் பரவிவிட்டது என்று அதில் தலைவி வருந்துகிறாள். பதினைந்து நொடித் துண்டு ஒன்று ஓர் ஆளுடைய வாழ்நாள் முழுவதையும் மூடிவிடுவதை இதைவிடத் துல்லியமாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் என் பரிந்துரை: வைரல் ஆகும் நிகழ்வு அலர்; வைரல் ஆவது அலராதல்; தான் தேடாமலே அதில் அகப்பட்டவர் அலர்ப்பட்டவர்; அந்த நிலை அலர்ப்பாடு. ‘இடர்ப்பட்டவர்’, ‘இடர்ப்பாடு’ என்று வழங்குகிறோம் அல்லவா, அதே வாய்பாடு. ஒற்று மிகுமா என்று கேட்டவருக்கும் இதுவே பதில். கூட்டமாகச் சேர்ந்து ஒருவரை இழிவுபடுத்துவதற்கு ‘அலர் தூற்றுதல்’ என்ற பழைய தொடரே போதும்.

அம்பலையும் விட்டுவிட வேண்டாம். குடும்பக் குழு, தெருக் குழு, பழைய மாணவர் குழு என்று மூடிய குழுக்களுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் வரை அது அம்பல். பொதுவெளியில் விழுந்ததும் அலர். இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் மூடிய குழுக்களின் பேச்சே உயிரை வாங்கியிருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்துக் கொன்றது. நாட்டின் பல பகுதிகளிலும் இப்படிக் கொலைகள் நடந்த பிறகுதான், அந்த ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் வரம்பு வைத்தது.

> அலர் என்பது காதல் பற்றிய வம்பு மட்டும்தானே? இட்லிப் பாட்டிக்கு எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி. ஆலாந்துறை பக்கம் வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாளைத்தான் சொல்கிறீர்கள். 2019-இல் அவருடைய காணொளி பரவியது. தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா உதவ முன்வந்தார். 2022-இல் அன்னையர் நாளன்று புது வீடும் கிடைத்தது. அவர் கேமராவைத் தேடிப் போகவில்லை. விறகடுப்பில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அலரால் அவருக்கு நன்மை விளைந்தது. அதற்கும் பழைய நூலில் இடம் உண்டு: குறளின் அதே அதிகாரத்தில், ஊர் அலர் பேசுவதால்தான் தன் உயிர் நிற்கிறது என்று தலைவன் சொல்கிறான். அலர் கெட்டதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அகப்பட்டவரின் கையில் இல்லாதது, அதுதான் அதன் இலக்கணம். காதல் என்ற எல்லையைக் கொஞ்சம் தளர்த்துகிறோம், உண்மை. கலைச்சொல் ஆக்கத்தில் பழஞ்சொல்லின் பொருள் விரிவது வழக்கம்தானே.

நன்மையும் தீமையும் ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் வருவதையும் கோவையில் பார்த்தோம். 2023 ஜூனில், தனியார் பேருந்து ஓட்டிய இளம்பெண்ணின் பேருந்தில் கனிமொழி பயணம் செய்தார். பயணச்சீட்டு தொடர்பான தகராறில் அன்றே அந்தப் பெண்ணின் வேலை போனது. பிறகு கமல்ஹாசன் கார் வாங்கிக் கொடுத்தார். அந்த நாட்களில் வந்த செய்திகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பாராட்டிய அதே வேகத்தில் குறைதேடும் வேலையும் நடந்திருக்கும். பேட்டி கொடுத்தவர்தானே, இனி எதையும் கேட்கலாம் என்ற எண்ணம் எழுதியவர்களிடம் இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். பேருந்தில் மீதிச் சில்லறை கேட்டு நடந்த வாக்குவாதத்தை யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். அவர் கடைசியில் குரல் உயர்த்திய பகுதி மட்டும் பரவியது. முன்னால் நடந்தது வரவில்லை. ஒரு சேனல் வீடு தேடி வந்தது. கதவைத் திறக்காததையும் எடுத்து, அதற்குச் சோக இசை சேர்த்துப் போட்டார்கள். “சில்லறைதானுங்ணா கேட்டேன். அதுக்கு எதுக்குங் எங்க ஊட்டு வாசல்ல வந்து நிக்கறாங்க? புள்ளைய ஸ்கூல்ல கேக்கறாங்களாமா” என்றார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல? ‘நீங்க பிரபலமாயிட்டீங்கம்மா’ என்றா? அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொன்னார்கள், ஆறுதலாக நினைத்து. இந்தச் சொல்லை நான் இவ்வளவு வற்புறுத்துவது அவருக்காகத்தான்.

சட்டம் இந்த வேறுபாட்டை ஏற்கெனவே அறிந்திருக்கிறது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி போன்றவை பற்றி அவர் ஒப்புதலின்றி வெளியிடக்கூடாது என்றது. பொது ஆவணங்களில் உள்ளதற்கு விலக்கு உண்டு என்றது. கூடவே, தானாக முன்வந்து ஒரு சர்ச்சைக்குள் நுழைபவரின் நிலை வேறாகலாம் என்றும் சொன்னது. தானாக நுழைந்தவர், இழுத்து நுழைக்கப்பட்டவர் என்ற கோடு அங்கேயே விழுந்துவிட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-இல், தன் முயற்சி எதுவுமின்றிப் பொது மனிதராகிவிடுபவர் மிக மிக அரிதாகவே இருக்க முடியும் என்று கருதியது. எல்லோர் கையிலும் கேமரா இல்லாத காலத்துக் கணிப்பு அது. இன்று அந்த அரிய வகை தெருவுக்குத் தெரு இருக்கிறது, தமிழில் பெயர்தான் இல்லை.

ஊடகத்தின் இந்தப் பழக்கம் இணையத்தோடு வந்ததும் அல்ல. 1940-களில் லட்சுமிகாந்தன் என்ற இதழாளர் ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ என்று நடத்தியவை திரைக்காரர்களின் அந்தரங்கத்தை விற்ற இதழ்கள். 1944 நவம்பரில் அவர் சென்னையில் கொலையுண்டார். அந்தக் கொலை வழக்கில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று 1947-இல் விடுதலையானது எல்லோருக்கும் தெரியும். அதே வழக்கில் கைதாகி, விசாரணையிலேயே விடுவிக்கப்பட்டவர் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு. குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்த பின்னும் அவர் பெயரைச் சொன்னால் வழக்கையும் சேர்த்தே சொல்கிறோம், இப்போது நானும் சொல்லிவிட்டேன். ஆனால் அவர்கள் திரைத்துறையில் இருந்தவர்கள். பதில் சொல்ல மேடையும் வழக்கறிஞரும் இருந்தார்கள். செக்கிங் வேலைக்குப் போகிறவருக்கு என்ன இருக்கிறது?

> பொள்ளாச்சி போன்ற கொடுமைகளில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தச் சொல்லைப் போட்டுவிடுவார்கள். அதை எப்படித் தடுப்பது?

இந்த மடலை எழுதிய அம்மாவுக்கு என் நன்றி. பாதிக்கப்பட்டவர்களுக்கு இச்சொல் கூடவே கூடாது. 2019-இல் அந்தப் பாலியல் வன்கொடுமை வழக்கில், புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் காவல்துறை அதிகாரியின் வாயாலும் அரசாணையிலும் வெளியானது; அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஒரு பெண்ணின் கதறல் ஒலித்துண்டு வீட்டுக்கு வீடு ஒலித்ததை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அங்கே நடந்தது குற்றம். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை மறைக்க அங்கே சட்டம் இருக்கிறது. அலர்ப்பட்டவர் என்ற சொல் குற்றம் எதுவும் நிகழாத, அதனால் அந்தச் சட்டக் காப்பும் இல்லாத எளிய மனிதருக்கு. நம் சொற்பட்டியல் பதிவில் இந்த விலக்கை வெளிப்படையாக எழுதிவிடலாம்.

இன்னொரு காரணமும் இந்தச் சொல்லோடு என்னைக் கட்டிப்போடுகிறது. அகத்திணையில் வருபவர்களைச் சுட்டி ஒருவர் பெயர் கொள்ளக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. போரும் கொடையும் பாடும் புறத்தில் மன்னரும் வள்ளலும் பெயரோடு வரலாம். போற்றவும் செய்யலாம், இடித்துரைக்கவும் செய்யலாம். அகத்தில் வருபவருக்குப் பெயர் கிடையாது. எந்தப் பெண்ணைப் பற்றி அலர் எழுந்தது என்று இன்றுவரை நமக்குத் தெரியாது, ஆனால் அவள் பட்ட பாடு முழுவதும் தெரியும். ஒரு செய்தியாளர் ‘அலர்ப்பட்டவர்’ என்று எழுதும்போது அந்த விதியும் கூட வருமானால், பெயரை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் எழுதலாம் என்பதற்கு அந்தச் சொல்லே துணை நிற்கும். தேடிப் போன பிரபலத்தின் பேச்சையும் பணத்தையும் பெயர் சொல்லிக் கேள்வி கேட்கட்டும், அது புறம்.

> மக்களுக்குப் புரியாது. சங்க காலத்துச் சொல்லை யார் பேசுவார்கள்?

‘நெகிழி’யையும் அப்படித்தான் சொன்னார்கள். 2019 தொடக்கத்தில் பிளாஸ்டிக் தடை வந்ததும் அறிவிப்புப் பலகைகளிலும் செய்திகளிலும் அது ஏறியது. இன்று பள்ளிப் பிள்ளைகள் கட்டுரையில் எழுதுகிறார்கள். ‘அலர்’ ஈரசைகூட இல்லாத சின்னச் சொல், தலைப்பில் இடம் அடைக்காது. ‘அம்பலமாயிருச்சு’ என்று நம் பக்கத்தில் தினமும் சொல்கிறவர்களுக்கு அம்பலும் ஒலியளவில் அந்நியமாக இருக்காது. அம்பலமும் அம்பலும் ஒரே வேரா என்பதை மொழியியல் அறிந்தவர்கள் தனி இழையில் பேசலாம், இங்கே வேண்டாம்.

‘கௌவை’யை முன்மொழிந்தவருக்கு: அதுவும் ஊர்ப்பேச்சைக் குறிக்கும் அகப்பாடல் சொல்தான், ஆனால் பேச்சு எழுப்பும் ஆரவாரத்தைத்தான் முன்னிறுத்துகிறது, பரவுதலை அல்ல. தலைப்பெழுத்தில் ‘கெளவை’ என்று பிழையாக விழும் தொல்லையும் உண்டு.

பதிவுக்கான வரையறை இப்படி இருக்கலாம்: “அலர்ப்பட்டவர் – தன் விருப்பமோ முயற்சியோ இன்றி, பிறர் பதிந்து பரப்பிய படம், காணொளி, ஒலி அல்லது எழுத்தால் பலரறிய நேர்ந்தவர். குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை இச்சொல்லால் குறிக்கலாகாது.” எடுத்துக்காட்டுத் தொடர்: “அலர்ப்பட்டவரின் பெயரும் முகவரியும் ஒப்புதலின்றி வெளியிடப்படவில்லை.” பன்மை அலர்ப்பட்டோர். ஒரு முறை அலர்ப்பட்டவர் பிறகு அதையே தொழிலாக்கிச் சேனல் தொடங்கினால் அவரை எந்தச் சொல்லில் சேர்ப்பது என்பது மட்டும் மீதி இருக்கிறது. தொடங்கிய நாள்முதல் அவர் பிரபலம், அதற்கு முந்தைய காணொளியைப் பொறுத்தவரை அலர்ப்பட்டவரே என்பது என் நிலை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள். வரையறையை அதற்குப் பிறகு பட்டியலில் ஏற்றலாம்.