பழைய பைக்: டயர்ல பட்டன் இருக்கு, மாத்தணுமா?

கேள்வி:
ரொம்ப நாள் நின்ன பைக். பட்டன் (ரோட்டைத் தொடற ரப்பர் கட்டை) பாதிக்கு மேல இருக்கு, ஆனா பக்கவாட்டுல மயிரிழை மாதிரி வெடிப்பு. டயர் பக்கவாட்டுல அச்சடிச்ச டாட் (DOT) குறியீட்டு முடிவுல 2514. டயர்ல 41 பிஎஸ்ஐ-னு இருக்கு, அவ்வளவு காத்து அடிக்கலாமா?

பதில் 1:
2514-ன்னா 2014-ல 25-வது வாரம் தயாரானது. பத்து வருஷம் தாண்டிடுச்சு, மாத்திடுங்க. ரப்பர் இறுகினா ஈர ரோட்டுல பிடிக்காது. பட்டன் ஆழத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. கடைசியில மூணே இலக்கம்னா 2000-க்கு முந்தினது, யோசிக்கவே வேண்டாம்.

பதில் 2:
41 என்பது முழு லோடுக்கான உச்ச அளவு. உங்க வண்டிக்கானது ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கற கை) ஸ்டிக்கர்லயோ மேனுவல்லயோ இருக்கும். ஓட்டறதுக்கு முன்னாடி, டயர் ஆறியிருக்கும்போது பாருங்க. சூட்டுல சில பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதை நம்பி இறக்கினா மறுநாள் காத்து குறைவாத்தான் இருக்கும்.

பதில் 3:
ஸ்போக் வீலா? அப்போ ட்யூப், ரிம் டேப் (ஸ்போக் முனை ட்யூபைக் குத்தாம ரிம்முக்குள்ள சுத்தற பட்டை) ரெண்டையும் சேர்த்து மாத்துங்க. வால்வு சாஞ்சு நிக்குதான்னு பாருங்க. காத்து குறைஞ்சா டயர் ரிம்முல நழுவி ட்யூபையும் இழுக்கும், வால்வு அடியில கிழிஞ்சு ஒரேயடியா இறங்கிடும். வால்வு நட்டை ரிம்மோட இறுக்காம மேல மூடிப் பக்கம் ஏத்தி விடுங்க. சாய்வு சீக்கிரமே கண்ணுல படும்.