பென்டியம் 2: எல்2 கேஷ் ஏன் பாதி வேகம்?

கேள்வி: என்னுடையது பென்டியம் 2 ப்ராசஸர், 450 மெகாஹெர்ட்ஸ். சோதனை மென்பொருள் எல்2 கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவை ப்ராசஸர் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் சிறு நினைவகம்) 225 என்கிறது. பழுதா? பஸ்ஸை (ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் தடத்தின் வேகம்) 100-லிருந்து 112 ஆக்கினால் விண்டோஸ் ஏறும்போதே தொங்கிவிடுகிறது.

பதில் 1: பழுதில்லை. ப்ராசஸர் இருக்கும் கார்ட்ரிட்ஜை (உறைப்பெட்டியை) திறந்து பாருங்கள்: 512 கேபி எல்2, ப்ராசஸர் சில்லுக்குள் இல்லை, பக்கத்தில் தனி எஸ்ரேம் (வேக நினைவக) சில்லுகளாக இருக்கும். முழு 450-க்கு அவை ஈடுகொடுக்காது என்பதால் பாதி வேகம். பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில்) எல்2-வை அணைக்கலாம், விகிதத்தை மாற்ற முடியாது.

112-இல் கோர் (ப்ராசஸரின் கணக்கிடும் பகுதி) பஸ்ஸைப் போல 4.5 மடங்கு, 504; கேஷ் அதில் பாதி, 252. எல்2-வை அணைத்து ஓட்டுங்கள். ஆமை வேகம்தான், ஆனால் தொங்காமல் ஓடினால் கேஷ் சில்லுதான் முட்டுக்கட்டை. அப்போதும் தொங்கினால் ரேமையும் கோரையும் பாருங்கள்.

பதில் 2: இதனால்தான் 1998-இன் செலரான் 300ஏ (இன்டெலின் மலிவு ப்ராசஸர்) பெயர் வாங்கியது. எல்2 128 கேபிதான், ஆனால் கோர் இருக்கும் சில்லிலேயே, முழு வேகத்தில். பெருக்கி (கோர் வேகம் பஸ்ஸைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) 4.5, பஸ் 66-லிருந்து 100 போனால் கோர், கேஷ் இரண்டும் 450. தரவு 128 கேபிக்குள் அடங்காத வேலைகளில் மட்டும் உங்களுடையது முந்தும்.

பதில் 3: ஏஎம்டியின் ஸ்லாட் ஏ ஆத்லான் ப்ராசஸர் கூத்து இன்னும் வேடிக்கை. 700-இல் விகிதம் 1/2, கேஷ் 350. 1000-இல் விகிதம் 1/3, கேஷ் 333தான்!

கேள்வி கேட்டவர்: எல்2 அணைத்ததும் 504-இல் தொங்காமல் ஓடுகிறது. புரிந்தது, 100-க்கே திரும்பிவிட்டேன்.